மருமகன் சொன்ன வயது

பெயருக்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி. கையெழுத்துப் போடத் தெரியாதவர் வைத்தது.

என் கணவரின் முப்பாட்டனார் ஸ்காட்லாந்தில், ஃபைஃப் பக்கம் கைத்தறி நெசவாளர். அவருடைய 1871 இறப்புப் பதிவைத்தான் இன்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயது 72 என்கிறது.

1841 மக்கள்தொகைக் கணக்கில் அவருக்கு 35. அந்த வருஷம் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். சரி, 39 என்றே வைத்துக்கொண்டாலும் 1871-இல் 72 வராது; இடிக்கிறது.

குறி வைத்தவர் மருமகன். மாமனாரைப் பறிகொடுத்த மறுநாள் பதிவாளர் முன்னால் நின்று, தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். பாவம், மாமனார் பிறந்தபோது அவரே பிறந்திருக்க மாட்டார்!

எந்தப் பதிவு சரி என்று கேட்பதைவிட, யார் சொன்னது, எப்போது சொன்னது என்று கேட்பதுதான் உதவுகிறது. ஆளைப் பார்த்தே இராத மாமனாரின் அம்மா பெயரைக்கூட இப்படித்தான் யாரோ சொல்லி எழுதியிருப்பார்கள்.

இனி அந்த நெசவாளரின் அக்காவைத் தேட வேண்டும். அவர் இறந்தது 1855-இல். அரசுப் பதிவு தொடங்கிய அந்த ஒரே வருஷம் இறந்தவர் பிறந்த ஊரையும் கேட்டு எழுதினார்கள். ஊர் தெரிந்தால் அந்தத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் தம்பியும் இருப்பார்.