ஐந்தாம் நிலையில் சற்று நில்லுங்கள்

இயேசு சிலுவை சுமந்து சென்றதைப் பதினான்கு நிலைகளில் நின்று நினைத்துச் செபிக்கும் எருசலேம் பழைய நகரின் சிலுவைப்பாதை மொத்தமே சுமார் 600 மீட்டர்தான். செபித்தபடி நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெள்ளிதோறும் பிற்பகல் 3 மணிக்கு (கோடையில் 4) பிரான்சிஸ்கன் துறவிகள் நடத்தும் பவனியில் யாரும் சேர்ந்துகொள்ளலாம். முதல் நிலை ஒரு பள்ளிக்கூட வளாகத்துக்குள் இருப்பதால், வகுப்பு நேரத்தில் போனால் எதிரிலுள்ள கசையடி ஆலய முற்றத்திலேயே தொடங்க வேண்டியிருக்கும்.

பலர் வேகமாகக் கடந்துவிடுவது, இயேசுவின் சிலுவையைச் சீமோன் சுமந்ததை நினைக்கும் ஐந்தாம் நிலையை. எல்-வாத் தெருவிலிருந்து பாதை திரும்பி மேலே ஏறத் தொடங்கும் முனையில் சின்ன ஆலயம். வாசலருகே சுவரில் ஒரு கல். உள்ளங்கை அளவுக்குக் குழிந்து, தொட்டுத் தொட்டு வழவழப்பாகி, கறுத்துப்போயிருக்கும். இயேசு கை ஊன்றிய இடம் என்பது மரபு.

சிரேன் ஊர்ச் சீமோன் சிலுவையைக் கேட்டு வாங்கவில்லை. வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள் என்கிறது மாற்கு 15:21. அங்கே 'கட்டாயப்படுத்துதல்' என்பதற்கு வரும் கிரேக்கச் சொல்தான் மத்தேயு 5:41-லும் வருகிறது: ஒரு கல் தொலை வரக் கட்டாயப்படுத்தினால் இரு கல் தொலை போ. 'நாள்தோறும்' சிலுவையைத் தூக்கச் சொல்லும் லூக்கா 9:23-ஐ நோன்பும் ஒறுத்தலுமாக மட்டும் படிப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நாமே தேர்ந்தெடுக்கும் ஒறுத்தலில் அளவு நம் கையில். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு இரவு இரண்டு மணிக்கு விரிப்பு மாற்றுவதில் அப்படியில்லை. அதற்காக அடி உதையைப் பொறுத்துக்கொள்வதற்கும் சிலுவை என்று பெயர் சூட்டக் கூடாது. அந்தப் பிழை நம் சபைகளில் நிறையவே நடக்கிறது.

குழுவாக மரச்சிலுவை சுமந்தால், முன்னால் தோள் கொடுப்பவரை மட்டும் மாற்றாதீர்கள். படியேறும்போது பாரம் பின்னால் அடிமரம் பிடிப்பவர்மேல்தான் இறங்கும். சீமோனும் இயேசுவுக்குப் பின்னால்தான் சுமந்தார் (லூக்கா 23:26).

மூன்று, ஏழு, ஒன்பதாம் நிலைகளில் நினைக்கும் இயேசுவின் விழுதல்கள் நற்செய்தியில் இல்லை. பக்தி மரபு தந்தவை. எட்டாம் நிலை கிளைச் சந்தில் இருக்கிறது. பார்த்துவிட்டு வந்த வழியே கடைத்தெருவுக்குத் திரும்பினால்தான் ஒன்பதுக்குப் படிக்கட்டு கிடைக்கும்.

கடைசி ஐந்தும் திருக்கல்லறைக் கோயிலுக்குள். இயேசுவைச் சிலுவையில் அறைந்த இடமான கல்வாரிக்கு ஏறும் படிகள் குறுகலானவை, செங்குத்தானவை, தேய்ந்து வழுக்குபவை. பன்னிரண்டாம் நிலையில் பீடத்தடியில் முழந்தாளிட்டுக் கைவிட்டால் பாறையைத் தொடலாம். இறங்கும்போது வயதானவர்களுக்கு ஒரு படி கீழே நின்று கை கொடுங்கள்.