இந்தியாவிலிருந்து இரண்டு சமையல்காரர்கள்: சிங்கப்பூரில் வேலை அனுமதி வாங்கிய அனுபவம்

எங்கள் உணவகத்துக்கு இந்தியாவிலிருந்து இரண்டு சமையல்காரர்கள் வந்து சேர்ந்ததிலிருந்து, தெரிந்த கடைக்காரர்கள் யாராவது அவ்வப்போது தொலைபேசியில் அழைத்து யோசனை கேட்கிறார்கள். எல்லோருடைய முதல் கேள்வியும் ஒன்றுதான்: "நல்ல ஏஜெண்ட் யார்?" நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: "உங்கள் பகுதிநேர ஊழியர்களுக்குப் போன மாதம் என்ன சம்பளம் காட்டிச் சேமநிதி கட்டினீர்கள்?" பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சிங்கப்பூரில் இரண்டு கிளைகள் உள்ள அந்த உணவகத்தில் கணக்கும் ஆள்சேர்ப்பும் என் பொறுப்பு. சேவைத் துறையில் வேலை அனுமதியில் வருவோர் மலேசியா, சீனா, ஹாங்காங், மக்காவ், தைவான், தென்கொரியா ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும் என்பதுதான் நெடுங்கால விதி. இந்தியாவிலிருந்து ஆள் வேண்டுமானால், சம்பள வரம்பு அதிகமான எஸ் பாஸ் என்ற வேறு அனுமதிதான் அதுவரை வழி. 2023 செப்டம்பரில் அதன் குறைந்தபட்சச் சம்பளம் 3,150 வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) உயர்ந்தது. அதே 2023 செப்டம்பர் 1 முதல் மனிதவள அமைச்சு ஒரு கதவைத் திறந்துவிட்டது. குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் இந்தியா, இலங்கை, பங்ளாதேஷ், மியன்மார், பிலிப்பீன்ஸ், தாய்லாந்து ஆகிய நாட்டவரை வேலை அனுமதியில் எடுக்கலாம் என்று அப்போது அறிவித்தது. உலோகத் தகட்டு வேலை, பற்றவைப்பு, ஹோட்டல் அறைப் பராமரிப்பு என்று போன அந்தப் பட்டியலில் இந்திய உணவகச் சமையல்காரரும் இருந்தார்.

செய்தி வந்ததும் முதலாளி சந்தோஷமாக ஊருக்குப் பேசி ஆட்களையே தேர்ந்தெடுத்துவிட்டார். திண்டுக்கல் பக்கத்துக்காரர் ஒருவர், திருநெல்வேலிக்காரர் ஒருவர், பிரியாணிக்குப் பெயர்போன பெரியவர் ஒருவர். பெரியவருக்கு வயது 52. நாங்கள் விண்ணப்பித்த 2024 கடைசியில், மலேசியர் அல்லாதவர் 50 வயதுக்குள் இருந்தால்தான் புதிதாக அனுமதி கேட்க முடியும். அவர் கையால் சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் சாட்சி சொன்னாலும் பயனில்லை. மிச்சம் இருவர்.

இருவரை எடுக்க முடியுமா என்பதை முடிவு செய்தது ஊரில் இருந்த அவர்களுடைய தகுதி அல்ல. எங்கள் சம்பளப் பட்டியல். இங்கேதான் நேரம் போனது, இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சேவைத் துறை நிறுவனத்தில் மொத்த ஊழியர்களில் வெளிநாட்டவர் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எஸ் பாஸில் இருப்பவர்களும் அதற்குள்தான் அடக்கம். அதற்கும் உள்ளே இன்னொரு வரம்பு: இந்தப் புதிய பட்டியலில் வருகிறவர்கள் மொத்த ஊழியர்களில் 8 விழுக்காடு மட்டுமே. 35 எல்லோருக்கும் தெரிந்த எண். 8 பலருக்குத் தெரிவதில்லை. 25 பேர் கணக்கில் இருந்தால்தான் இருவருக்கு இடம் வரும் என்பது அதன் பொருள்.

"கணக்கில்" என்ற இடத்தில்தான் சூட்சுமம். கடையில் வேலை செய்யும் உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் கணக்கில் வருவதில்லை. நாங்கள் விண்ணப்பித்தபோது இருந்த கணக்குப்படி, குடிமகனோ நிரந்தரவாசியோ மாதம் 1,600 வெள்ளி அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஓர் ஆள். 800க்கும் 1,600க்கும் இடையில் இருந்தால் அரை ஆள். 800க்குக் கீழே போனால் கணக்கில் ஆளே இல்லை. 2024 ஜூலைக்கு முன்பு அந்த 1,600 என்பது 1,400ஆக இருந்தது. பழைய எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு கூட்டிப் பார்க்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அமைச்சு இதை நம் வாய்மொழியாகக் கேட்பதில்லை. கடந்த மூன்று மாதச் சேமநிதிப் பங்களிப்பின் சராசரியை அதுவே எடுத்துக்கொள்கிறது.

எங்கள் நிலை இப்படி: உள்ளூர்க்காரர்கள் முழுக் கணக்கில் 16 பேர். மலேசியர் ஐந்து பேர், எஸ் பாஸில் இருவர். இதோடு புதியவர் இருவரைச் சேர்த்தால் மொத்தம் 25, வெளிநாட்டவர் 9. அது 36 விழுக்காடு. 8 விழுக்காட்டு வரம்பில் சரியாக உட்காருகிறது, 35இல் ஒரே ஒரு விழுக்காட்டில் முட்டுகிறது. ஒருவரை மட்டும் எடுக்கலாம் என்றால் 24 பேரில் 8 விழுக்காடு இரண்டைத் தொடாவிட்டாலும் ஒன்றைத் தாண்டும், பிரச்சினையில்லை. முதலாளிக்கு இருவரும் வேண்டும்.

மதிய வேளையில் பரிமாற வரும் அக்காமார் இருவர் இருக்கிறார்கள். மணிக்கு 11 வெள்ளி, மாதம் ஏறக்குறைய 65 மணி நேரம்; சம்பளம் 715 வெள்ளி. கணக்கில் இருவரும் பூஜ்யம். மாதம் 75 மணி நேரம் ஆக்கினால் 825 வெள்ளி. அரையும் அரையும் சேர்ந்து ஒன்று. 17 உள்ளூர், 9 வெளிநாட்டவர், மொத்தம் 26. விழுக்காடு 34.6. அந்தத் தாளை மேசையில் வைத்தபோது முதலாளி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

இவ்வளவுதான், ஆனால் உடனே நடக்காது. சராசரி மூன்று மாதத்துக்கு என்பதால் கூடுதல் நேரமும் மூன்று மாதம் உண்மையாகவே வேலை செய்திருக்க வேண்டும். அக்காமார் இருவருக்கும் சம்மதம். ஒருவர் வெள்ளிக்கிழமை மட்டும் முடியாது என்றார், சனிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம். சிலர் இந்த இடத்தில் வேலைக்கே வராத உறவினர் பெயரில் சேமநிதி கட்டிக் கணக்கை நிரப்புகிறார்கள். அது குற்றம், பிடிபட்டால் ஆள் எடுக்கும் உரிமையே போய்விடும். பத்து மணி நேரக் கூடுதல் வேலையில் முடிகிற காரியத்துக்கு அந்தத் துணிச்சல் எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அடுத்தது சம்பளம். இந்தப் பட்டியலில் வருகிறவருக்கு நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி. முதலாளி, "1,600 போடலாம், ஓவர்டைம் சேர்ந்தால் 2,000 தாண்டிவிடும்" என்றார். ஓவர்டைம் நிலையான சம்பளத்தில் சேராது. போனஸும் சேராது. "சாப்பாடும் தங்குமிடமும் நாம்தானே கொடுக்கிறோம்?" அதுவும் சேராது. அடிப்படைச் சம்பளமும் ஒவ்வொரு மாதமும் மாறாமல் கொடுக்கும் படியும் மட்டும்தான். இதற்கு மேல், வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி மாதந்தோறும் அரசுக்குக் கட்டும் தீர்வை இருக்கிறது: அடிப்படைத் திறன் ஊழியருக்கு, மொத்த ஊழியர்களில் வெளிநாட்டவர் பங்கு முதல் 10 விழுக்காட்டுக்குள் என்றால் 450 வெள்ளி, 25 வரை 600, அதற்கு மேல் 800. எங்கள் புதியவர்கள் கடைசி அடுக்கில். ஆக ஒருவருக்கு மாதம் 2,800 என்று எழுதிக் காட்டினேன். தீர்வையை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பதையும் அடியில் எழுதினேன், கேள்வி வருவதற்கு முன்பே.

விண்ணப்பம் போடுவது இதற்கெல்லாம் பிறகு வரும் சின்ன வேலை. இணையத்தில் நிரப்பி 35 வெள்ளி கட்டினால் முடிந்தது. அனுமதி வழங்கும்போது இன்னொரு 35.

இதற்கிடையில் ஊரில் ஒரு முகவர் திண்டுக்கல்காரரைப் பிடித்துக்கொண்டார். "நான்தான் பேசி முடித்தேன், மூன்று லட்சம் கொடு" என்று. எங்களுக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இந்தியாவில் பதிவுபெற்ற முகவரே வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இங்கே, வேலை கொடுப்பதற்காக முதலாளி ஊழியரிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முதலாளியையே திண்டுக்கல்காரரிடம் நேரடியாகப் பேசச் சொன்னேன். "தம்பி, யாருக்கும் ஒரு பைசா கொடுக்காதே. கொடுத்தால் என் தலைதான் உருளும்" என்று முதலாளி சொன்ன பிறகுதான் திண்டுக்கல்காரர் வீட்டில் நகை அடகுப் பேச்சு நின்றது.

பத்தாவது முடிக்காததால் அவர் கடவுச்சீட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற குறிப்பு இருந்தது. அதைக் காட்டியும் அந்த முகவர் பயமுறுத்தியிருந்தார். அந்தக் குறிப்பு செல்லுபடியாவது வளைகுடா நாடுகள், மலேசியா, தாய்லாந்து என 18 நாடுகளுக்கு. சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் கிடையாது.

கொள்கையளவிலான ஒப்புதல் கடிதம் வந்ததும் தமிழ்ப் பிரதியை இருவருக்கும் அனுப்பினேன். ஊழியர் புறப்படும் முன்பே அவருக்குத் தெரிந்த மொழியில் அது கையில் இருக்க வேண்டும் என்பது விதி. திண்டுக்கல்காரர் தொலைபேசியில் அதை எழுத்துக்கூட்டி வரிவரியாகப் படித்தார். அடிப்படைச் சம்பளம், படிகள், கழிவுகள் (சம்பளத்தில் பிடிப்பவை), நிலையான மாதச் சம்பளம். ஒரு வரியில் நின்றுவிட்டார். "அக்கா, கழிவுகள் என்று போட்ட இடத்தில் பூஜ்யம் இருக்கிறதே, விட்டுப்போய்விட்டதா?" விட்டுப்போகவில்லை என்றேன். "அப்படியானால் ரூம் வாடகை?" அதுவும் கடை என்றேன். அந்தக் கடிதத்தில் உள்ள சம்பளத்தை அவருடைய எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் பிற்பாடு யாரும் குறைக்க முடியாது. மொத்தக் கோப்பிலும் ஊழியருக்குக் காவலாக நிற்பது அந்த ஒரு பக்கம்தான். அதைப் படிக்காமல் விமானம் ஏறுகிறவர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

வருவதற்கு முன் முதலாளி செய்ய வேண்டியவை இரண்டு. ஆளுக்கு 5,000 வெள்ளிக்கான பிணை, காப்பீட்டு நிறுவனத்தின் உத்தரவாதமாகக் கொடுக்கலாம். அது இல்லாவிட்டால் நாட்டுக்குள் விடமாட்டார்கள். இன்னொன்று ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. 2023 ஜூலைக்கு முன்பு 15,000 போதும். புதிய திட்டத்திலும் முதல் 15,000க்கு மேல் போகும் செலவில் கால்பங்கு முதலாளி தலையில் விழும். பிரிமியத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இந்த வரியைக் கவனிப்பதில்லை.

எதிர்பாராத இழுபறி வீட்டில் வந்தது. கடைக்குப் பக்கத்தில் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) நாலறை வீடு ஒன்று வாடகைக்குப் பேசி முடித்தோம். மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் குடியிருக்கும் முழு வீடுகள் ஒரு வட்டாரத்தில் 8 விழுக்காடு, ஒரு புளோக்கில் 11 விழுக்காடு என்று வரம்பு உண்டு. அந்த புளோக் நிரம்பியிருந்தது. வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. வீவக இணையத்தளத்தில் முகவரியைப் போட்டால் உடனே தெரிந்துவிடும். முன்பணம் கொடுக்கும் முன் பாருங்கள். பிறகு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு வீடு அமைந்தது.

வந்த பிறகு எல்லாம் விறுவிறுவென்று நடந்தது. இரண்டு வாரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை, அனுமதி வழங்கல், பெண்டமியர் ரோட்டில் உள்ள அமைச்சின் சேவை நிலையத்தில் கைரேகையும் புகைப்படமும், சில நாளில் அட்டை. முதலாளிக்கு ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது: சமையல்காரர் என்று அனுமதி வாங்கியவரை ஆள் குறைவான நாளில் பரிமாற நிறுத்தக் கூடாது, தன் தம்பியின் கேட்டரிங்குக்கு இரவல் கொடுக்கவும் கூடாது.

2025 ஜூலை 1 முதல் வயது விதி தளர்ந்தது. புதிதாக விண்ணப்பிக்க 61 வயது வரை இடம் உண்டு. பிரியாணிப் பெரியவருக்கு இப்போது தடையில்லை. தடை எங்கள் பக்கம்: 8 விழுக்காட்டில் மூன்றாவது ஆள் வேண்டுமானால் மொத்தம் 38 பேர் கணக்கில் இருக்க வேண்டும். அதைச் சொன்னதும் முதலாளி மூன்றாவது கிளைக்கு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்.