மைனருக்கு ஒரு ஒயில் பில்டர்

ஜூன் 10, 2025, செவ்வாய்

பொசன் போயா, ஒபீஸ் லீவு. ஒழுங்கை முனையில தன்சலுக்கு, இலவசச் சாப்பாட்டுக்கு, ஆக்கள் லைன்ல நிக்க நான் காருக்குக் கீழ பாயைப் போட்டுப் படுத்துக் கிடந்தன். ரெண்டு மாசமா ஒயில் சொட்டுது. பழைய கார்தானே எண்டு விட்டுட்டன், போன கிழமை பாத்தா சீமெந்துத் தரையில சாப்பாட்டுக் கோப்பை அளவுக்குக் கறுப்பு வட்டம்.

கார் 1959 மொரிஸ் மைனர் 1000, 1 ஸ்ரீ நம்பர். அப்பா 1978ல வாங்கினது. கண் சரியில்லாமப் போனதால போன வருசத்தோட அவர் ஓடுறத விட்டுட்டார், இப்ப நான்தான் பாக்கிறன். வெள்ளவத்தைக் கடல் காத்து தகரத்தைத் தின்னுது, அதோட மல்லுக்கட்டவே நேரம் போகுது, எஞ்சின் பக்கம் நான் கவனிக்கேல்ல. அது என்ர பிழைதான்.

எல்லாத்தையும் துணியால துடைச்சிட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாத்தன். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கீழ தொங்குற பில்டர் கோப்பை, அதின்ர மேல் விளிம்பால மெல்லிசா வடியுது. இப்பத்தக் கார்கள்ள மாதிரி முழு பில்டரையும் திருகிக் கழட்டி எறியிற சாமான் இல்லை இது. இரும்புக் கோப்பை ஒண்டு, அடியால நீளமான ஒரே ஒரு போல்ட், உள்ளுக்க பேப்பர் எலமென்ட். எலமென்ட்டை மட்டும்தான் மாத்திறது.

கழட்டினன். கோப்பை வந்து பூட்டுற மேல் பகுதி, ஹெட் எண்டுறது, அதில வட்டமா ஒரு காடி இருக்கு, ரப்பர் ரிங் அதுக்குள்ளதான் இருக்கோணும். அங்க பழைய ரிங் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப்போய்க் கிடக்கு, அதுக்கு மேலயே புது ரிங்கை வச்சுக் கோப்பையை இறுக்கி விட்டிருக்கினம். தையி மாசம் வெளியில ஒரு இடத்தில சேர்விஸ் குடுத்தது, அப்ப நடந்த வேலை. ஒயில் வடிஞ்சதுக்குக் காரணம் இதுதான்.

அதைவிடப் பெரிய பிழை கோப்பைக்குள்ள. ஸ்பிரிங் இருக்கு, அதுக்கு மேல வாற தட்டும் இருக்கு, இடையில வாற ஃபெல்ட் வோஷரை, கம்பளித் துணி மாதிரி வளையம், காணேல்ல. எலமென்ட்டும் கட்டை, விரலால தட்ட ஆடுது. ஸ்பிரிங் மேல தள்ளும்தான், ஆனா தட்டை ஒரு அளவுக்கு மேல போகவிடாம போல்ட்டில கிளிப் ஒண்டு இருக்கு, அதால கட்டையான எலமென்ட்டை அது எட்டிப் பிடிக்காது. அப்ப ஒயில் பேப்பருக்குள்ளால போகாம பக்கத்து இடைவெளியால சும்மா சுத்தி வந்திருக்கு. தையில இருந்து இந்த எஞ்சின் ஊத்தை ஒயிலோட ஓடியிருக்கு எண்டு நினைக்கவே வயிறு எரியுது.

ஜூன் 13, வெள்ளி

கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள். நாங்கள் சைவம்தான், ஆனா அம்மா வருசம் தவறாமப் போவா. தொலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிற சாமி எண்டு பில்டருக்கும் சேத்து மெழுகுதிரி கொளுத்திட்டு வந்தவ.

ஜூன் 14, சனி

காலமை வெள்ளவத்தையில ரயில் ஏறி மருதானையில இறங்கி கார்ச் சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு நடந்தன். கழட்டின எலமென்ட்டை நம்பிப் போகேலாது, அதுவே பிழையானது. அதால நேத்து ராத்திரி கோப்பை விளிம்பையும் தட்டையும் ஹெட்டில எலமென்ட் குந்திற இடத்தையும் ஒயிலோடயே வீரகேசரிப் பேப்பரில அமத்தி எடுத்தன். தட்டும் விளிம்பும் நிலவைச் சுத்தின கோட்டை மாதிரி வடிவா விழுந்திருந்திச்சு. கோப்பையின்ர உள் உயரத்துக்கு ஈர்க்குத் துண்டு ஒண்டை வெட்டிப் பொக்கெற்றில வச்சிருந்தன்.

முதல் கடைப் பெடியன் மைனர் எண்டதும் திருகிப் பூட்டுற பில்டர் ஒண்டை நீட்டினான். அடப்டர் போட்டா இது சரியா ஏறும், முக்கால் இஞ்சி 16 மரைதான் எண்டான். மரை சரிதான், கனக்க ஜப்பான் கார் பில்டருக்கும் அதே மரை. ஆனா ரப்பர் குந்திற வட்டம் எவ்வளவு, பில்டர் அடைச்சா ஒயிலைச் சுத்தி விடுற பைபாஸ் வால்வு எந்த அழுத்தத்தில திறக்கும், ஓவ் பண்ணினா ஒயிலைத் திரும்பி ஓடவிடாமப் பிடிக்கிற வால்வு இருக்கோ, இதெல்லாம் மரையைப் பாத்துத் தெரியாது. பூட்டுப்படுற பில்டர் எல்லாம் பொருந்தின பில்டர் இல்லை.

அடுத்த கடையில ஒஸ்ரின் ஏ40க்கும் மைனருக்கும் ஒண்டுதான் எண்டு ஒரு எலமென்ட்டைத் தந்தவர். ஈர்க்கை வச்சுப் பாத்தா ஒரு விரல் கூட. பிறகுதான் விளங்கிச்சு, ஏ40 எண்டு சொல்லுற கார் ஒண்டில்லை. எங்கட ஆக்களுக்கு ஏ40 எண்டா சமர்செட், அதுக்கு 1200 சிசி, வேற எஞ்சின். பிறகு வந்த பரினா ஏ40க்குத்தான் என்ர மொடலுக்கு வாற அதே 948 சிசி எஞ்சின், ஏ சீரீஸ் எண்டுறது.

மூண்டாவது கடையில வயசான நானா ஒராள். பேப்பரை வாங்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்திட்டு, "தம்பி, வெறும் மைனர்னு கேட்டா ஒருத்தருக்கும் வெளங்காது. 803ஆ, 948ஆ, 1098ஆ? எஞ்சின் நம்பரப் பாத்துட்டு வாங்க"ண்டார். நியாயம்தான். 803ல வந்தது பைபாஸ் பில்டர், பம்ப் தள்ளுற ஒயில்ல ஒரு பங்கு மட்டும்தான் அதுக்குள்ளால போகும். 948ல இருந்துதான் முழு ஒயிலும் பில்டருக்குள்ளால போய் பெயரிங்குக்குப் போறது. இந்த நாட்டு மைனர்கள்ள எத்தினை எஞ்சின் மாறியிருக்கும், புத்தகத்தில 1959 எண்டு இருக்கிறதால மட்டும் ஒண்டும் சொல்லேலாது.

ஜூன் 17, செவ்வாய்

வேலையால வந்து டோர்ச் பிடிச்சு எஞ்சின் நம்பர்த் தட்டைப் பாத்தன். பெற்றோல் துணியால துடைக்கத் துடைக்க 9 எம் எண்டு தொடங்கிற நம்பர் தெரிஞ்சுது. 948தான், காரோட வந்த எஞ்சின்தான். அப்பாட்டச் சொன்னன். "நான் அதை மாத்தேல்லயே, அதுக்கேன் இவ்வளவு சந்தோசப்படுறாய்?" எண்டு கேட்டவர். எனக்குச் சந்தோசமாத்தான் இருந்திச்சு.

ஜூன் 21, சனி

திரும்ப நானாவின்ர கடை. நம்பரைச் சொன்னன், மேல் தட்டில ஏணி வச்சு ஏறி தூசி பிடிச்ச பெட்டி ஒண்டை இறக்கினவர். பெட்டியில மைனர் எண்டு பேரே இல்லை, பரினா ஏ40 எண்டும் ஸ்பிரைட் எண்டும் வேற கார்ப் பேருகள்தான் போட்டிருந்திச்சு. வீரகேசரியை மேசையில விரிச்சு எலமென்ட்டை வட்டத்துக்கு மேல வச்சார், மயிரளவும் பிசகேல்ல. ஈர்க்கும் சரி. ரப்பர் ரிங், ஃபெல்ட் வோஷர், கீழ் போல்ட்டுக்கு வோஷர், எல்லாம் அவரிட்டயே இருந்திச்சு. மூண்டு எலமென்ட் வாங்கினன், அடுத்தமுறை கிடைக்குமோ தெரியாது.

ஜூன் 22, ஞாயிறு

கோப்பையைப் பழையபடி பூட்டி எஞ்சினைச் சூடாக்கி ஒயிலை இறக்கினன், பிறகு கோப்பையைத் திரும்பக் கழட்டினன். காடிக்குள்ள இறுகின ரிங்கை எடுக்க முக்கால் மணித்தியாலம். ஸ்க்ரூ ட்ரைவர் போட்டாக் காடி கீறுப்படும் எண்டு அம்மாவின்ர தையல் ஊசியால சுத்திவர நெம்பி நெம்பி, துண்டு துண்டாத்தான் வந்திச்சு. கடைசித் துண்டு வந்தாப்பிறகு விரலை விட்டுச் சுத்தித் தடவினன், வெறும் இரும்பு, வழவழ எண்டு. அதுக்குப் பிறகுதான் புது ரிங்.

போல்ட்டை இறுக்கேக்க கோப்பையை மற்றக் கையால மெல்லச் சுழட்டிக்கொண்டே இறுக்கோணும், அப்பதான் விளிம்பு ரிங்கில நேரா குந்தும். பலம் காட்டத் தேவையில்லை.

20டபிள்யூ50 நாலு லீட்டர் கானில கொஞ்சம் மிச்சம். சுவிச்சைப் போடாம ஸ்டார்ட்டர் நொப்பை இழுத்துப் பத்து செக்கன் சுத்த விட்டன். இந்த மொடல்ல நொப் இழுத்தாலே மோட்டர் சுத்தும், எஞ்சின் பத்த முதல் ஒயில் மேல ஏற அது நல்ல வசதி. பிறகு சுவிச்சைப் போட்டு ஸ்டார்ட் பண்ண, ஒயில் லைட் உடன நூந்திச்சு.

அப்பா முன் சீற்றில ஏறி இருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டவர். காலி வீதியில பம்பலப்பிட்டி மட்டும் போய் வந்தம். இறங்கினாப்பிறகு தன்ர பழைய கொப்பியைக் கேட்டார், 1978ல இருந்து ஒயில் மாத்தின திகதி எல்லாம் அதில கிடக்கு. எழுத்துத் தெரியேல்ல எண்டு என்னட்டத் தந்தவர். அவர் மைல் கணக்கைச் சொல்ல நான் எழுதினன்.

ஜூன் 23, திங்கள்

காலமை ஆறு மணிக்கு டோர்ச்சோட போய்ப் பாத்தன். கீழ விரிச்ச கார்ட்போட் காஞ்சு கிடக்கு.