மெட்ராஸ் பெயர் வைத்த ஆளி: வாங்குவதும் அவிப்பதும்

காசிமேட்டில் கண்ணை மூடிக்கொண்டு வஞ்சிரம் வாங்குகிறவர்கள்கூட ஆளி என்றால் தயங்குகிறார்கள். எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காடு ஏரியிலும் பாறை, பாலத்தூண் என்று பிடி கிடைத்த இடத்திலெல்லாம் ஒட்டி வளரும் சிப்பிதான் அது. அறிவியல் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது: கிராசோஸ்ட்ரியா மெட்ராசென்சிஸ். 1910-இல் மீன்வள ஆய்வாளர் ஜேம்ஸ் ஹார்னெல் ஆளி வளர்க்க முயன்று பார்த்ததும் பழவேற்காட்டில்தான்.

ஆனாலும் எண்ணூர் ஆளி வேண்டாம். ஆளி தண்ணீரை இழுத்து வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. தண்ணீரில் இருப்பதெல்லாம் அதன் உடம்பில் சேரும். உலோகம் கலந்த அனல்மின் நிலையச் சாம்பல் வருஷக்கணக்காகப் படிந்த கழிமுகம் அது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெயும் வந்து படர்ந்தது. கிருமியை வேகவைத்துக் கொல்லலாம், உலோகத்தை எந்த அடுப்பும் எடுக்காது. மெட்ராஸ் பெயருள்ள ஆளியை மெட்ராஸில் எடுத்துச் சாப்பிட முடியாதது பெரிய வேதனை.

ஆகவே வளர்ப்பு ஆளி. கொல்லம் அஷ்டமுடிக் காயலிலும் எர்ணாகுளம் மூத்தகுன்னம் பக்கமும் வளர்க்கிறார்கள். பழைய ஆளி ஓடுகளை ஐந்தாறாகக் கயிற்றில் கோத்து, கம்புப் பந்தலிலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிட்டால் குஞ்சுகள் ஒட்டி வளரும். தீவனம் போடுவதில்லை. பருவமழை இறங்கினால் காயலில் உப்பு குறைந்து ஆளி சாகும் என்பதால் மே மாதத்துக்குள் எடுத்துவிடப் பார்ப்பார்கள். வாங்குவதற்கும் அதற்கு முந்தைய மாதங்களே நல்லது. எந்தக் காயல், என்றைக்கு எடுத்தது, அழுக்கும் கிருமியும் போகச் சுத்தமான தண்ணீரில் போட்டுவைக்கும் சுத்திகரிப்புத் தொட்டியில் எத்தனை மணி நேரம் கிடந்தது என்று மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

மூன்று கிலோ ஆளியில் கறி கால் கிலோ தேறினாலே அதிகம், மீதியெல்லாம் ஓடுதான். வாய் பிளந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள், உயிர் இருந்தால் மூடிக்கொள்ளும். மூடாததைத் தூக்கிப் போடுங்கள்.

வார இறுதிக்குப் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய்த் தங்குகிறவர்கள் ஐஸ் பெட்டியில் எடுத்துப் போகலாம். ஐஸ் உருகிய தண்ணீரில் ஆளி ஊறுவதுதான் பலரும் செய்யும் தப்பு. உப்பில்லாத நல்ல தண்ணீர் அதற்கு ஆகாது, செத்துவிடும். அடியில் ஐஸ், மேலே தட்டு, தட்டில் குழிந்த ஓடு கீழே இருக்கும்படி ஆளி, அதன்மேல் ஈரச் சாக்கு. பெட்டியின் வடிகால் திறந்தே இருக்கட்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் கவரில் கட்டவே கூடாது.

பச்சையாகச் சாப்பிடும் ஆசை வேண்டாம். சுத்திகரிப்புத் தொட்டி எல்லாக் கிருமியையும் எடுத்துவிடாது. நம் ஊர்ச் சூட்டுத் தண்ணீரில் விப்ரியோ கிருமி சுகமாக வளரும். எலுமிச்சைச் சாறு அதைக் கொல்லாது. கல்லீரல் கோளாறு, சர்க்கரை உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

சமைக்கும் முன் ஓட்டை நாரால் தேய்த்துச் சேறு போகக் கழுவுங்கள். இட்லிச் சட்டியில் தண்ணீர் கொதித்த பிறகு ஆளியை ஒரே அடுக்காக வையுங்கள். குவித்தால் நடுவில் இருப்பது வேகாது. வாய் திறந்ததும் இறக்கிவிடாமல், அதற்குப் பிறகு குறைந்தது ஐந்து நிமிடம் ஆவியில் இருக்கட்டும். கடைசிவரை திறக்காததைச் சாப்பிடாதீர்கள். தட்டை ஓட்டைக் கழற்றிவிட்டு, கருநீலத் தழும்பு தெரியும் இடத்தில் ஓட்டோடு பிடித்திருக்கும் தசையைச் சின்னக் கத்தியால் அறுத்தால் கறி கையோடு வரும். ஓட்டில் தேங்கிய தண்ணீரைக் கொட்டாதீர்கள், ருசி அதில்தான்.

பன்னிரண்டு ஆளிக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், பத்து சின்ன வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி இடித்த மிளகு, கறிவேப்பிலை. வெங்காயம் சிவந்ததும் அந்த ஓட்டுத் தண்ணீரை வடிகட்டி ஊற்றிச் சுண்டவிட்டு, கறியைப் போட்டு ஒரு நிமிடம் மட்டும் புரட்டுங்கள். அதற்கு மேல் போனால் ரப்பராகிவிடும். உப்பே போட வேண்டாம், ஆளி கொண்டுவந்த கடல் உப்பு போதும்.