தொலைவில் நின்று எடுக்கும் முகங்கள்

தெருவில் நடப்பவரை அவர் அறியாமல் படமெடுக்க, தொலைவில் உள்ளதை அருகில் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸே ஏற்றது என்ற எண்ணம், புதிதாகக் கேமரா வாங்கியவர்களிடம் பரவலாக உண்டு. 200 மில்லிமீட்டர் லென்ஸுடன் தள்ளி நின்றால், பின்னணி மங்கி, கூட்டத்திலிருந்து ஒரு முகம் தனித்துத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த முகம் எந்தத் தெருவில் இருந்தது என்பதும் பெரும்பாலும் படத்திலிருந்து மறைந்துவிடுகிறது.

இந்த முறையை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஃபிலிப் லோர்கா டிகோர்சியா. 1999 முதல் 2001 வரை நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், சாரத்தில் ஃபிளாஷ் விளக்குகளைப் பொருத்தி, ஒளி விழும் இடத்தைக் கடந்தவர்களை டெலிஃபோட்டோ லென்ஸால் அவர் எடுத்தார். ஆயிரக்கணக்கான படங்களில் 17 மட்டுமே ‘ஹெட்ஸ்’ தொடருக்குத் தேர்வாயின. படத்தில் இருந்தவர்களுள் ஒருவர், தம்மைப் படமெடுத்தது தம் யூத சமய நம்பிக்கைக்கு முரணானது என்றும், அப்படம் அனுமதியின்றி விற்கப்பட்டது என்றும் வழக்குத் தொடுத்தார். 2006இல் நியூயார்க் நீதிமன்றம், அப்படம் வணிக நோக்கிலானது அன்று, கலைப்படைப்பு என்று கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தது.

சட்டப்படி அது சரியாகவே தோன்றுகிறது (படங்கள் அழகானவை என்பதையும் மறுப்பதற்கில்லை). எனினும், அருகில் நின்று எடுப்பவரிடம் வேண்டாம் என்று கையசைக்க ஒருவரால் முடியும். தொலைவில் இருப்பவரிடம் அந்த வாய்ப்பே இல்லை என்பதால், என் நீண்ட லென்ஸை மேடை நிகழ்ச்சிகளுக்கும் பறவைகளுக்கும் மட்டுமே பயன்படுத்துகிறேன்.