பதினாலு கட்டம்

பிப்ரவரி 3
காத்து. கடலுக்குப் போக டோக்கன் போடல. இலங்கையில பிடிபட்ட என் வீட்டுக்காரவுகளுக்கு அங்க காவல் இன்னும் பதினாலு நாள், 17ஆம் தேதி வரைக்குமாம்.

பிப்ரவரி 4
சின்ன மதினி துபாயிலருந்து கொண்டுவந்த குறுக்குத்தையல் டப்பாவை இன்னைக்குத்தான் பிரிச்சேன். பனிக்குள்ள ஒரு வீடு, சிவப்புக் கதவு. தங்கச்சிமடத்துக்கும் பனிக்கும் என்ன சம்பந்தமோ. துணி முழுக்கப் பொடி ஓட்டை. 'ஐடா 14'னு போட்டிருக்கு, இஞ்சுக்கு 14 கட்டம். படம் 70 கட்டம் அகலம், 98 உயரம். வகுத்துப் பார்த்தா அஞ்சு இஞ்சுக்கு ஏழு. இம்புட்டுக்கு 6860 கட்டமா! வானத்தைத் தைக்க வேண்டாமாம், நல்ல வேளை.

இதுலயும் பதினாலு.

பிப்ரவரி 5
துணியை நாலா மடிச்சு நடுவைப் பிடிச்சேன். சார்ட்டு ஓரத்துல அம்புக்குறி இருக்கு, மேல உள்ளதும் பக்கத்துல உள்ளதும் சந்திக்கிற இடம்தான் நடு. நூல்ல ஆறு இழை. ரெண்டு இழைதான் கோக்கணும்னு தெரியாம ஆறையும் கோத்தேன், கம்பளிப்பூச்சி மாதிரி நின்னுச்சு. ஊசி மொட்டை. குத்தாது.

பிப்ரவரி 7
மீனவர் சங்கத்துக்குப் போனோம். அவுக போட்டோ ரெண்டு கேட்டாங்க. கல்யாணப் போட்டோவுல வெட்டிக் குடுத்தேன்.

பிப்ரவரி 8
கதவோட சிவப்புக்கு நம்பர் 666. டி.எம்.சி. நூல் கம்பெனிக்காரனுக்கு வேற நம்பரா கிடைக்கல? பைபிள்ல திருவெளிப்பாடு வாசிச்சவ எவளும் அந்த மிருகத்தோட நம்பரைக் கையால தொடமாட்டா. இந்த நேரத்துல வேற. பொட்டலத்துலயே இன்னொரு சிவப்பு இருக்கு, 321, கொஞ்சம் மங்கல். கதவுக்கு அது போதும். 666ஐ மாவு டப்பாவுக்குப் பின்னால வச்சிட்டேன். அத்தை கண்ணுல படக்கூடாது.

பிப்ரவரி 10
நாலு வரி பிரிச்சேன். கூரையோட இடது ஓரம் ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கு. சார்ட்டுல பத்துக் கட்டத்துக்கு ஒரு தடிச்ச கோடு இருக்கு, அதுல இருந்து எண்ணாம பழைய தையல்ல இருந்து எண்ணினதால வந்த வினை. தப்பு நடந்தது முந்தாநேத்து, தெரிஞ்சது இன்னைக்கு. அதுக்கு மேல போட்டதெல்லாம் ஒழுங்கா, அழகா, தப்பா இருக்கு.

மாமா திண்ணையில வலை பொத்திட்டு இருந்தவரு எட்டிப் பார்த்தாரு. "ஒரு கண்ணுதானே? அடுத்த வரிசையில ஒன்னைக் கூட்டிக் கட்டேன்." வலையில ஆகும் மாமா, இதுல வீடு கோணிப்போகும்னேன். துணியை வாங்கி வெளிச்சத்துல பிடிச்சு உதட்டுக்குள்ளயே எண்ணினாரு. ரொம்ப நேரம். திருப்பித் தந்தப்ப ஒன்னும் சொல்லல. அவுகளைப் பத்தி இந்த வீட்டுல யாரும் பேசுறதில்ல, எண்ணுறோம்.

ஒரு கோடு. ஒரே ஒரு கோடு தாண்டினதுக்கு.

பிப்ரவரி 12
மேல விழுற இழை எல்லாம் ஒரே பக்கமாச் சாயணுமாம். என்னுது பாதி இப்படி, பாதி அப்படி. இதைப் பிரிக்கமாட்டேன்.

பிப்ரவரி 13
அத்தை சாப்பிடல.

பிப்ரவரி 16
வெள்ளைத் துணியில வெள்ளை நூல். பனி. மடியில கறுப்புச் சேலையை விரிச்சா ஓட்டை தெரியும்னு வீடியோவுல ஒரு பொண்ணு சொல்லுது. கறுப்புச் சேலை இருக்கு. எடுக்கல. ஊதாப் பாவாடையை விரிச்சேன்.

பிப்ரவரி 17
மார்ச் 3.

பிப்ரவரி 19
மாவு டப்பாவுக்குப் பின்னால இருந்து 666ஐ எடுத்தேன். கதவு எட்டுக் கட்டம் அகலம், பதினொன்னு உயரம். 88. இன்னைக்கு ராத்திரியே போட்டுருவேன். நல்ல சிவப்பு. மூணாவது வரி