ஏழாம் மாதத்தில் கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில்

கருவைக் காக்கும் திருக்கருகாவூர் அம்மன் கர்ப்பரட்சாம்பிகையைப் பார்க்க வேண்டும் என்பது கரு தங்கியது தெரிந்த நாளிலிருந்தே மனதில் இருந்த வேண்டுதல். ஆனால் போன பிள்ளையை ஐந்தாம் மாதத்தில் பறிகொடுத்தவள் நான். இந்த முறையும் கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போய்விட்டது என்று ஸ்கேனில் தெரிந்து, பிள்ளை முன்கூட்டியே வெளியே வந்துவிடாமல் இருக்க அதில் தையல் போட்டு, மாத்திரை, ஓய்வு என்று ஆகி, வாசலைத் தாண்டுவதே ஆஸ்பத்திரிக்கு என்றாகிவிட்டது. அந்த மாதங்களில் எனக்காக அம்மாதான் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்.

28 வாரம் முடிந்து, ஸ்கேனையும் பார்த்த பிறகுதான் டாக்டர் சரி என்றார். காரில் நிறுத்தி நிறுத்திப் போக வேண்டும், வரிசையில் நிற்கக் கூடாது, ஃபைல் கையிலேயே இருக்க வேண்டும், வயிறு இறுகினாலோ நீர் கசிந்தாலோ உதிரம் பட்டாலோ பக்கத்தில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியோ அங்கே நேராகப் போய்விட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். என்னைப் போல் தையலோடு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பவே கிளம்பாதீர்கள். நமக்காக வீட்டார் போய் வேண்டினாலும் அம்மன் ஏற்றுக்கொள்வாள்.

தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்திலிருந்து 6 கிலோமீட்டர் போல இருக்கும், வெட்டாற்றங்கரை ஊர். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். சுவாமி முல்லைவனநாதர் புற்றுமண்ணால் ஆன சுயம்பு என்பதால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, புனுகுதான் சாத்துகிறார்கள். முல்லைக்கொடி சுற்றியிருந்த தழும்பு லிங்கத்தின் மேல் இருப்பதாகச் சொல்வார்கள், கூட்டத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சுவாமியைக் கும்பிட்டுவிட்டு அம்மன் சன்னதிக்கு மெதுவாக நடந்தேன்.

தலபுராணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முல்லை வனத்தில் இருந்த நித்துருவர், வேதிகை தம்பதிக்குப் பிள்ளை வரம் கிடைக்கிறது. கணவர் வெளியே போயிருந்த ஒரு நாள், கர்ப்ப அசதியில் வேதிகை படுத்துக் கிடக்கிறாள். பிட்சை கேட்டு வந்த ஊர்த்துவபாதர் என்ற முனிவர், எழுந்து வந்து உபசரிக்கவில்லை என்று கோபித்துச் சாபமிட்டுவிடுகிறார். கரு கலையத் தொடங்குகிறது. அவள் கதறியதும் அம்பாள் வந்து, கலைந்த கருவை ஒரு குடத்தில் வைத்துக் காத்து, நாள் நிறைந்ததும் நைத்துருவன் என்ற பிள்ளையாகக் கையில் கொடுக்கிறாள். பிள்ளைக்குப் பால் தர வந்த காமதேனு குளம்பால் கீறியதில் உண்டானதுதான் கோயிலுக்கு எதிரே இருக்கும் பாற்குளம்.

சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் வேதிகை படுத்துக் கிடந்தாள் என்பது இந்த முறைதான் என் நெஞ்சில் தைத்தது. எப்போது பார்த்தாலும் படுத்தே கிடக்கிறாள், நாங்களெல்லாம் வயல் வேலை செய்துகொண்டே பெற்றோம் என்று காதுபடச் சொன்ன உறவுக்காரர்கள் எனக்கும் இருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு, என் உடம்பே பிள்ளைக்குத் துரோகம் செய்கிறதோ என்று ராத்திரியில் அழுதிருக்கிறேன். ஏன் எழுந்திருக்கவில்லை என்று அம்பாள் வேதிகையைக் கேட்கவே இல்லையே! வயிறு தாங்காதபோது தானே தாங்கினாள், அவ்வளவுதான். இப்போது குறைமாதப் பிள்ளைகளை இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றுகிறார்களே, அதுவும் அவள் வைத்த குடம் போலத்தான் எனக்குத் தெரிகிறது.

சன்னதியில் ஓரமாக உட்கார இடம் கொடுத்தார்கள். ஒரு கையால் வயிற்றைத் தாங்கியபடி நிற்கிற அம்மன். தீபாராதனை வெளிச்சத்தில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணிச் சத்தத்துக்குப் பிள்ளை உள்ளே விலாப் பக்கம் ஒரு உதை விட்டது. பக்கத்திலிருந்த பாட்டி, "எத்தனை மாசம்மா?" என்று கேட்டார். "ஏழு, பாட்டி" என்றதும் "அவ பாத்துக்குவா, நீ தைரியமா இரு" என்று தன் கையிலிருந்த பூவைக் கிள்ளி என் தலையில் வைத்துவிட்டார். அழுதுவிட்டேன். அத்தைதான் கண்ணைத் துடைத்துவிட்டார். படியை நெய்யால் மெழுகிக் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் கண் கலங்கித்தான் இருந்தாள், அவளுக்காகவும் வேண்டிக்கொண்டேன்.

பிள்ளை வரம் வேண்டுவோருக்கு நெய்ப் பிரசாதம், சுகப்பிரசவத்துக்கு விளக்கெண்ணெய். எண்ணெயை வயிற்றில் தடவிக்கொள்ளத்தான், குடிக்கக் கூடாது. விளக்கெண்ணெய் குடித்தால் வயிற்றைக் கலக்கி வலியைத் தூண்டிவிடலாம், எங்களைப் போன்றவர்களுக்கு அது ஆபத்து. அழுத்தித் தேய்க்காமல் லேசாகத் தொட்டு வைத்துக்கொள்ள டாக்டர் அனுமதித்திருக்கிறார். ஆஸ்பத்திரிப் பையில் ஃபைலுக்குப் பக்கத்தில் எண்ணெய்ப் புட்டியும் இருக்கிறது.

37-வது வாரத்தை ஒட்டித் தையலைப் பிரிப்பார்களாம். அதுவரை தாங்கிக்கொள் தாயே, பிள்ளையை உன் தங்கத் தொட்டிலில் போட நாங்கள் எல்லோருமாக வருகிறோம்.